மாரடைப்பில் தெரிந்த சர்க்கரை: வீடு திரும்பியதும் மறந்துவிடலாமா?

நடு இரவு. வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி. உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டுகிறது. இடது கை கனக்கிறது. மனைவி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் ஓடி வருகிறார்கள். ஆம்புலன்சு வருகிறது. ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள்.

டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்கிறார். "மாரடைப்பு" என்கிறார்.

அடுத்த நிமிடம் நர்சு வருகிறார். நோயாளியின் விரல் நுனியில் ஊசியால் குத்துகிறார். ஒரு சொட்டு ரத்தம். கையில் இருக்கும் சின்னக் கருவியில் ஓர் எண் தெரிகிறது. 230!

"இவருக்குச் சர்க்கரை எத்தனை வருஷமாக இருக்கிறது?" என்று நர்சு கேட்கிறார்.

மனைவிக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

"சர்க்கரையா? அவருக்குச் சர்க்கரை வியாதியே கிடையாதே, சிஸ்டர்!"

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், இருதய வார்டில் வேலை பார்க்கும் எந்த நர்சைக் கேட்டாலும், "இப்படி அடிக்கடி நடக்கிறது" என்றுதான் சொல்வார்.

பிறகு என்ன நடக்கிறது? ரத்தக்குழாயில் இருந்த அடைப்பை நீக்குகிறார்கள். நோயாளி பிழைத்துக்கொள்கிறார். சில நாட்களில் வீடு திரும்புகிறார். கையில் ஒரு கட்டுக் காகிதம். ஒரு பை நிறைய மாத்திரை. அந்த 230 என்ற எண்ணை மட்டும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

"அது அதிர்ச்சியில் ஏறிய சர்க்கரை. தானாக இறங்கிவிட்டது" என்று ஆறுதல் சொல்லிக்கொள்கிறார்கள்.

அந்த எண்ணை மறக்கக்கூடாது. ஆஸ்பத்திரியும் மறக்கக்கூடாது, குடும்பமும் மறக்கக்கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

சர்க்கரை எங்கிருந்து வந்தது?

நோயாளி இரவு இரண்டு இட்டிலிதான் சாப்பிட்டார். இனிப்பு எதையும் தொடவில்லை. அப்படி இருக்க, ரத்தத்தில் இவ்வளவு சர்க்கரை எப்படி வந்தது?

நம் உடம்பிலேயே ஒரு சர்க்கரைக் கிடங்கு இருக்கிறது. அதுதான் கல்லீரல். சாப்பாட்டில் இருந்து கிடைக்கும் சர்க்கரையில் ஒரு பகுதியை அது மாவுப்பொருளாக மாற்றிச் சேமித்து வைக்கிறது. அந்தப் பொருளைக் கல்லீரலில் இருந்து 1857-ம் ஆண்டில் பிரித்து எடுத்துக் காட்டியவர், கிளாடு பெர்னார்டு என்ற பிரெஞ்சு விஞ்ஞானி.

உடம்புக்குப் பெரிய ஆபத்து வந்தால், "அட்ரினலின்", "கார்டிசால்" போன்ற சுரப்பு நீர்கள் ரத்தத்தில் பாய்கின்றன. "கிடங்கைத் திற!" என்று அவை கல்லீரலுக்குக் கட்டளை இடுகின்றன. கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டுகிறது.

அதே சமயம், சர்க்கரையைத் தசைகளுக்குள் அனுப்பும் இன்சுலினின் வேலையும் தடைப்படுகிறது. வரவு அதிகம். செலவு குறைவு. ஆகவே ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிடுகிறது.

புலி துரத்தினால் ஓடுவதற்கு இந்த ஏற்பாடு உதவும். மாரடைப்பு வந்து கட்டிலில் படுத்திருப்பவருக்கு அதனால் நன்மை இல்லை.

கெடுதல் என்ன?

ரத்தத்தில் சர்க்கரை மிக அதிகமானால் ரத்தக்குழாயின் உள்சுவர் பாதிக்கப்படுகிறது. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. ரத்தக் கட்டியால் குழாய் அடைபட்டுத்தான் இவருக்கு மாரடைப்பே வந்தது. அந்த நேரத்தில் ரத்தம் இன்னும் எளிதாக உறைவது நல்லதா?

இன்னொன்று. அதிகச் சர்க்கரை சிறுநீரோடு வெளியேறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. உடம்பில் நீர் வற்றுகிறது.

மூன்றாவதாக, இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது இருதயத் தசை கொழுப்பை அதிகமாக எரிக்கிறது. கொழுப்பை எரிக்கப் பிராணவாயு அதிகம் வேண்டும். அந்தப் பிராணவாயுவோ அடைப்பினால் ஏற்கனவே குறைந்துபோய் இருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், "எனக்குச் சர்க்கரை கிடையாது" என்று சொல்பவர்களுக்கே அந்த நேரத்தில் ஏறும் சர்க்கரையால் ஆபத்து அதிகமாகத் தெரிகிறது!

2000-ம் ஆண்டில், அதுவரை வெளியான 15 ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை, "லான்செட்" என்ற மருத்துவப் பத்திரிகையில் வந்தது. சர்க்கரை வியாதி இல்லாத மாரடைப்பு நோயாளிகளில், சேரும்போது சர்க்கரை ஏறியிருந்தவர்கள் ஆஸ்பத்திரியில் இறக்கும் அபாயம், ஏறாதவர்களைப்போல் ஏறக்குறைய 4 மடங்கு என்று அதில் தெரிந்தது.

குற்றவாளியா, சாட்சியா?

"அப்படியானால் சர்க்கரைதான் ஆளைக் கொல்கிறதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

மாரடைப்பு எவ்வளவு பெரியதோ, அதிர்ச்சியும் அவ்வளவு பெரியது. அதிர்ச்சி பெரிதானால் சர்க்கரையும் அதிகமாக ஏறும். ஆகவே சர்க்கரை குற்றவாளியாகவும் இருக்கலாம். பெரிய குற்றம் நடந்தது என்று சொல்லும் சாட்சியாகவும் இருக்கலாம். இந்த விவாதம் டாக்டர்களிடையே நெடுங்காலமாக நடக்கிறது.

என்னைக் கேட்டால், எதுவாக இருந்தாலும் அந்த எண்ணைக் கவனிக்கவேண்டும். குற்றவாளி என்றால் பிடிக்கவேண்டும். சாட்சி என்றால் விசாரிக்கவேண்டும். "ஒன்றும் இல்லை, போ!" என்று விரட்டுவது மட்டும் சரியல்ல.

சுவீடன் கண்ட உண்மை

இந்த விஷயத்தில் உலகத்துக்கு வழி காட்டிய நாடுகளில் ஒன்று சுவீடன். அங்கே செய்த ஒரு சோதனையை எல்லோரும் தெரிந்துகொள்ளவேண்டும்.

மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்த 181 பேரை டாக்டர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூடச் சர்க்கரை வியாதி இருப்பதாக அதற்கு முன் தெரியாது. மாரடைப்பு அதிர்ச்சி தணிந்து, வீட்டுக்குப் போகும் சமயத்தில் அவர்களுக்கு ஒரு பரிசோதனை செய்தார்கள். வெறும் வயிற்றில் 75 கிராம் குளுக்கோசைத் தண்ணீரில் கலந்து குடிக்கவைத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தத்தைச் சோதித்தார்கள்.

முடிவு என்ன தெரியுமா? 100-க்கு 31 பேருக்குச் சர்க்கரை வியாதியே இருந்தது! இன்னும் 35 பேர் அதன் வாசற்படியில் நின்றார்கள். அதாவது, "சர்க்கரை இல்லை" என்று எண்ணியிருந்தவர்களில் மூன்றில் இரண்டு பேருக்குச் சர்க்கரைக் கோளாறு இருந்தது.

"அதிர்ச்சி முழுவதும் தீராமல் இருந்திருக்கலாம்" என்று சிலர் சொல்லக்கூடும். ஆகவே 3 மாதம் கழித்து மீண்டும் சோதித்தார்கள். அப்போதும் 100-க்கு 25 பேருக்குச் சர்க்கரை வியாதி. 40 பேர் வாசற்படியில். மூன்றில் இரண்டு என்ற கணக்கு அப்படியே நின்றது.

இந்த ஆராய்ச்சி 2002-ம் ஆண்டில் வெளியாயிற்று. "தானாக இறங்கிவிட்டது" என்று சொல்கிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை. அன்று ஏறியது அதிர்ச்சிச் சர்க்கரைதானா, ஒளிந்திருந்த வியாதியா என்பது கையில் குத்திப் பார்க்கும் ஒரே ஒரு எண்ணில் தெரியாது. பிறகு சோதித்தால்தான் தெரியும்.

உடனே இறக்கிவிட்டால் போதுமா?

"சர்க்கரை கெடுதல் என்றால், இன்சுலினைக் கொட்டி உடனே இறக்கிவிடவேண்டியதுதானே?" என்றும் தோன்றும். டாக்டர்களுக்கும் ஒரு காலத்தில் அப்படித் தோன்றியது.

1995-ம் ஆண்டில் சுவீடனில் இருந்து ஒரு நல்ல செய்தி வந்தது. சேரும்போது சர்க்கரை 200-க்கு மேல் ஏறியிருந்த 620 மாரடைப்பு நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு இன்சுலினையும் குளுக்கோசையும் சேர்த்து நரம்பு வழியாக ஏற்றினார்கள். பிறகு 3 மாதமாவது தினமும் பல தடவை இன்சுலின் ஊசி போட்டார்கள். மற்றப் பிரிவுக்கு வழக்கமான வைத்தியம்.

ஒரு வருஷத்துக்குள், வழக்கமான வைத்தியம் பெற்றவர்களில் 100-க்கு 26 பேர் இறந்தார்கள். இன்சுலின் பெற்ற பிரிவில் 19 பேர்.

ஆனால், அதே குழுவினர் 1,253 பேரை வைத்து மறுபடியும் சோதித்து, 2005-ம் ஆண்டில் வெளியிட்டபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை. இரண்டாவது சோதனையில் எல்லாப் பிரிவினருக்குமே சர்க்கரை ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. எந்த வழியில் இறக்கினாலும் சரி, கவனித்து இறக்குவதுதான் முக்கியம் என்று இதில் இருந்து பலர் முடிவு செய்தார்கள்.

2009-ம் ஆண்டில் ஓர் எச்சரிக்கை வந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா முதலிய நாடுகளில் 6 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சோதித்தார்கள். இவர்கள் இருதய நோயாளிகள் மட்டும் அல்ல. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த பலவகை நோயாளிகள். ஒரு பிரிவில் சர்க்கரையை 81-க்கும் 108-க்கும் இடையே இறுக்கிப் பிடித்தார்கள். மற்றப் பிரிவில் 180-க்குள் இருந்தால் போதும் என்று விட்டார்கள்.

இறுக்கிப் பிடித்த பிரிவில்தான் சாவு அதிகம்! 90 நாளுக்குள் 100-க்கு 27.5 பேர் இறந்தார்கள். மற்றப் பிரிவில் 24.9 பேர். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிப்போன ஆபத்தும் இறுக்கிய பிரிவிலேயே பல மடங்கு அதிகம்.

சர்க்கரை ஒரேயடியாக இறங்கினால் என்ன ஆகும்? உடம்பு நடுங்கும். வியர்க்கும். அட்ரினலின் மறுபடியும் பாயும். இருதயத் துடிப்பு தாறுமாறாகலாம். மாரடைப்பில் அடிபட்ட இருதயத்துக்கு இது இரண்டாவது அடி.

ஆகவே இன்று டாக்டர்கள் நடுவழியில் போகிறார்கள். சர்க்கரை 180-ஐத் தாண்டி அப்படியே நின்றால் இன்சுலின் தொடங்குகிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் பெரும்பாலான நோயாளிகளுக்கு 140-க்கும் 180-க்கும் இடையே வைத்துக்கொள்கிறார்கள்.

இதைக் குடும்பத்தார் தெரிந்துகொள்வது நல்லது. "சர்க்கரை 160 இருக்கிறதே, ஏன் இன்னும் இறக்கவில்லை?" என்று டாக்டரோடு சண்டை போடவேண்டாம். அவர் வேண்டும் என்றேதான் அங்கே நிறுத்தி வைத்திருப்பார்.

"இன்சுலினா? வேண்டாம்!"

ஆஸ்பத்திரியில் "இன்சுலின் போடவேண்டும்" என்று சொன்னதும் பல வீடுகளில் பயம் வந்துவிடுகிறது. "ஒரு தடவை போட்டால் ஆயுள் முழுக்கப் போடவேண்டும்" என்று யாராவது சொல்லி வைத்திருப்பார்கள்.

இது தவறு. மாரடைப்பு சமயத்தில் போடும் இன்சுலின், ஏறிய சர்க்கரையை அந்த நேரத்துக்கு அடக்குவதற்கு. உடம்பு தேறியதும் பலருக்கு அதை நிறுத்திவிடலாம். சிலருக்கு மாத்திரை போதும். சிலருக்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் நடையும் போதும். தொடர்ந்து இன்சுலின் தேவைப்படுகிறவர்களும் உண்டு. அது அவர்கள் உடம்பின் தேவை. முதலில் போட்ட ஊசியின் குற்றம் அல்ல.

சாத்துக்குடிப் பை

நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வெறும் கையோடு வருவது நம் வழக்கம் இல்லை. ஒரு பை சாத்துக்குடி, ஒரு பாட்டில் சத்துப் பானம், ஒரு பாக்கெட் குளுக்கோஸ் பவுடர். "சோர்ந்து கிடக்கிறார், பாவம்! கொஞ்சம் குளுக்கோஸ் தண்ணீர் கொடு" என்று பெரியம்மா சொல்வார். மருமகள் கரைத்துக் கொடுப்பார்.

அன்புதான். ஆனால், ஒரு பக்கம் நர்சு இன்சுலின் போடுகிறார். மறுபக்கம் நாம் குளுக்கோசைக் கரைத்துக் கொடுக்கிறோம். சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று தெரியாமல் டாக்டர் இன்சுலினைக் கூட்டுவார். மறுநாள் குளுக்கோஸ் தண்ணீர் கொடுக்காவிட்டால் சர்க்கரை திடீரென்று விழுந்துவிடும்.

நர்சிடம் சொல்லாமல் எதையும் கொடுக்கக்கூடாது. இன்சுலின் போட்டபின் சாப்பாட்டைத் தள்ளிப்போடவும் கூடாது. நோயாளிக்கு நடுக்கமோ வியர்வையோ உளறலோ வந்தால் உடனே நர்சைக் கூப்பிடவேண்டும்.

நமக்கு ஏன் இது முக்கியம்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த கணக்கெடுப்பின் முடிவு 2023-ம் ஆண்டில் வெளியாயிற்று. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி என்று அது மதிப்பிட்டது. இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் வாசற்படியில் நிற்கிறார்கள்.

இவர்களில் எத்தனையோ பேருக்குத் தங்களுக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. வியாதி சத்தம் போடாமல் வருஷக்கணக்கில் உள்ளே இருக்கிறது. மாரடைப்பு வரும் இரவில்தான் முதல்தடவையாக முகத்தைக் காட்டுகிறது.

அன்றைக்கு அதைப் பிடித்துக்கொண்டால் நல்லது. அன்றைக்கும் விட்டுவிட்டால், அடுத்தபடியாக அது கண்ணிலோ காலிலோ சிறுநீரகத்திலோ முகத்தைக் காட்டும். மறுபடியும் இருதயத்தைத் தாக்கவும் கூடும். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு சில சமயம் நெஞ்சு வலியே இல்லாமல் வரும். வெறும் மூச்சுத் திணறல், வியர்வை, களைப்பு என்று வரும். "சர்க்கரை இருக்கிறது" என்று தெரிந்திருந்தால் அல்லவா அந்த அறிகுறிகளைக் கண்டு உஷாராக முடியும்?

என்ன செய்யவேண்டும்?

மாரடைப்போடு வருகிற ஒவ்வொருவருக்கும், "சர்க்கரை உண்டா, இல்லையா?" என்று கேட்பதோடு நிற்காமல், ரத்தத்தைச் சோதிக்கவேண்டும். சர்க்கரை ஏறியிருந்தால், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் "எச்.பி.ஏ.1.சி." பரிசோதனையையும் அப்போதே செய்யவேண்டும்.

அந்தப் பரிசோதனையின் பலன் பெரியது. முடிவு 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தால், சர்க்கரை நேற்று இரவு வந்தது அல்ல. முன்பே இருந்தது என்று அர்த்தம். 5.7 முதல் 6.4 வரை என்றால் வாசற்படி. அதற்கும் கீழே என்றால், அதிர்ச்சியில் ஏறியது என்று ஓரளவு நம்பலாம். ரத்தசோகை உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு சில சமயம் தவறும். அதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

"இருதயத்தைக் காப்பாற்றுகிற அவசரத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று கேட்பார்கள். ரத்தக்குழாய் அடைப்பை நீக்குவதுதான் முதல் வேலை. அதில் ஒரு நிமிடம்கூடத் தாமதம் கூடாது. ஆனால், மற்றப் பரிசோதனைகளுக்கு எடுக்கும் ரத்தத்திலேயே இதையும் பார்த்துவிடலாம். இன்னொரு தடவை குத்தவேண்டியது இல்லை. நோயாளி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நாட்களில் முடிவு வந்துவிடும்.

"செலவு கூடுமே!" என்பார்கள். அடைப்பு நீக்கும் சிகிச்சைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது சில்லறை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, வீட்டுக்குப் போகும்போது கொடுக்கும் சீட்டு. அதில் மூன்று விஷயங்கள் தமிழில், பெரிய எழுத்தில் இருக்கவேண்டும்.

ஒன்று: சேர்ந்த அன்று சர்க்கரை எவ்வளவு?

இரண்டு: மூன்று மாதச் சராசரி எவ்வளவு?

மூன்று: அடுத்த சர்க்கரைப் பரிசோதனை எந்தத் தேதியில்?

இந்த மூன்று வரியை எழுத ஒரு நிமிடம் ஆகும். அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் இதை ஒரு விதியாகவே வைக்கவேண்டும் என்பது என் கருத்து.

குடும்பத்தாருக்கும் பொறுப்பு உண்டு. பில்லைக் கட்டி முடித்ததும் ஆட்டோவைத் தேடி ஓடாதீர்கள். சீட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். சர்க்கரை என்ற சொல்லே அதில் இல்லை என்றால், "டாக்டர், இவருக்குச் சேர்ந்த அன்றைக்குச் சர்க்கரை எவ்வளவு இருந்தது? மறுபடி எப்போது பார்க்கவேண்டும்?" என்று கேளுங்கள். நன்றாகப் படித்தவர்கள்தான் கேட்கவேண்டும் என்பது இல்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் கேட்கலாம். படிக்கத் தெரியாதவரும் கேட்கலாம். நல்ல டாக்டர் கோபப்படமாட்டார், சந்தோஷப்படுவார்.

சொன்ன தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். மாதங்கள் ஓடிவிடும். வலி போய்விடும். அவர் வேலைக்கும் போகத் தொடங்கிவிடுவார். "எனக்கு ஒன்றும் இல்லை, விடு" என்பார். விடாதீர்கள். அந்தத் தேதியில் அவரைக் கையோடு அழைத்துப் போய்ப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

சர்க்கரை இல்லை என்று வந்தால், நிம்மதியாக வீடு திரும்பலாம். இருக்கிறது என்று வந்தால், வைத்தியத்தை அன்றே தொடங்கலாம்.